வட சென்னையில் மாணவர் பௌத்த முகாம்: சேர்வதற்கு முன்பும் பின்பும்

கோடை விடுமுறை வந்துவிட்டால் வட சென்னைச் சுவர்களில் இடம் கிடைக்காது. கேரம், குத்துச்சண்டை, கால்பந்து, கணினி வகுப்பு என்று ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டியிருப்பார்கள். அவற்றுக்கு நடுவே 'மாணவர் பௌத்த முகாம்' என்றொரு சின்ன நோட்டீஸும் சில ஆண்டுகளில் தென்படும். அதைப் பார்த்துவிட்டு வருகிற முதல் தொலைபேசி அழைப்பு பெரும்பாலும் ஓர் அம்மாவுடையது. "பையனுக்கு மொட்டை அடித்துவிடுவீர்களா?" என்பார். அடுத்து, "மதம் மாற்றிவிடுவீர்களா?" கடைசியாகத் தயங்கித் தயங்கி, "சாப்பாடு எப்படி?"

மூன்றும் கேட்கப்பட வேண்டிய கேள்விகள். முகாம்களில் தொண்டராக நின்று பாய் விரித்து, மணி அடித்து, பிள்ளைகளின் சண்டையைத் தீர்த்துவைக்கிறவன் என்ற முறையில் இவற்றுக்கும், யாரும் கேட்க மறந்துவிடுகிற வேறு சிலவற்றுக்கும் இங்கே பதில் எழுதுகிறேன். எட்டாம் வகுப்பு முதல் கல்லூரி வரை படிக்கிறவர்களையும் அவர்கள் வீட்டாரையும் மனத்தில் வைத்து எழுதியது இது.

1. எந்த முகாம் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

பௌத்த முகாம் என்ற ஒரே பெயரில் மூன்று வெவ்வேறு பயிற்சிகள் நடக்கின்றன. இது தெரியாமல் போய்ச் சேருகிறவர்கள்தான் இரண்டாம் நாளே பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறார்கள்.

முதல் வகை தம்ம வகுப்பு முகாம். தம்மம் என்றால் புத்தரின் போதனை. அம்பேத்கரிய அமைப்புகளும் உள்ளூர் விகாரைகளும் (பௌத்தக் கோயில்களும்) நடத்துபவை பெரும்பாலும் இந்த வகைதான். ஒரு நாளாகவோ சில நாள்களாகவோ இருக்கும். காலையில் வந்தனை, கொஞ்சம் தியானம், பிறகு புத்தர் வரலாறு, தமிழகத்துப் பௌத்தம், அம்பேத்கர், மாலையில் கலந்துரையாடல். இங்கே யாரும் உங்கள் தலையைத் தொடமாட்டார்கள்.

இரண்டாவது சாமணேர முகாம். தற்காலிகத் துறவுப் பயிற்சி என்று சொல்லலாம். மொட்டை அடிப்பார்கள், காவி உடுத்தச் சொல்வார்கள், பத்துச் சீலங்களை (ஒழுக்க உறுதிகளை) ஏற்கவேண்டும். நண்பகலுக்குப் பின் திட உணவு கிடையாது. பெரும்பாலும் பத்து நாள் அளவில் நடக்கும். மொட்டை பற்றிய கேள்விக்கு உரிய இடம் இதுதான். நோட்டீஸில் 'சாமணேர', 'சிராமணேர' என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள்.

மூன்றாவது விபஸ்ஸனா மரபைச் சேர்ந்தது. பர்மாவில் பிறந்த சத்யநாராயண கோயங்கா (1924–2013) பரப்பிய பயிற்சி. அவர்கள் தங்களைப் பௌத்தர் என்றே சொல்லிக்கொள்வதில்லை. எல்லா மதத்தாருக்கும் உரிய மனப்பயிற்சி என்பார்கள். எட்டு வயது முதல் பிள்ளைகளுக்கு மூச்சைக் கவனிக்கும் ஆனாபான வகுப்புகள் உண்டு. பெரியவர்களுக்குப் பத்து நாள் பயிற்சி: விடியற்காலை நான்கு மணிக்கு எழுப்புவார்கள், ஏறத்தாழ முழுநேரமும் மௌனம், கட்டணம் கிடையாது, முடித்தவர்கள் தரும் நன்கொடையில்தான் நடக்கிறது. சென்னைக்கான மையம் திருமுடிவாக்கம் பக்கம் இருக்கிறது. திருவொற்றியூரிலிருந்து போகிறவர்களுக்கு அது வேறு ஊர்.

என் கருத்தைக் கேட்டால், முதல்முறை போகிற பள்ளி மாணவர்களுக்கு முதல் வகையில் ஒருநாள் முகாமே போதும். உட்கார்ந்தே பழகாத பிள்ளையைப் பத்து நாள் மௌனத்தில் கொண்டுபோய் விடுவது, நீச்சல் தெரியாதவனைக் காசிமேட்டில் படகேற்றிக் கடலில் இறக்கிவிடுவது போன்றது.

2. பெயர் கொடுக்கும் முன்

நேரில் போய்க் கேளுங்கள். பொறுப்பாளர் யார்? இரவு தங்கும் முகாம் என்றால் மாணவிகளுக்குத் தனி இடமும் இரவு முழுவதும் உடன் இருக்கும் பெண் தொண்டர்களும் உண்டா? அவசரத்துக்கு எந்த எண்ணில் அழைப்பது? பெற்றோர் நினைத்த நேரத்தில் வந்து பார்க்கலாமா? "அதெல்லாம் வந்தால் பார்த்துக்கொள்ளலாம்" என்று பதில் வந்தால், எவ்வளவு நல்ல அமைப்பாக இருந்தாலும் பிள்ளையை அனுப்பாதீர்கள். இதில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

அடுத்ததாக, உறுதிமொழி பற்றிக் கேளுங்கள். அம்பேத்கர் 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் பௌத்தம் தழுவியபோது தம்முடன் வந்தவர்களுக்கு 22 உறுதிமொழிகளை அளித்தார். சில முகாம்களின் நிறைவு நாளில் அவற்றை எல்லோரும் சேர்ந்து சொல்வது உண்டு. பழைய கடவுளரை வணங்கமாட்டேன் என்பது அவற்றில் ஒன்று. வீட்டில் வேறு வழிபாடு இருக்கிற மாணவர் இதை முன்கூட்டியே தெரிந்துவைத்திருப்பது நல்லது. நம்பாத ஒன்றை வாயால் சொல்லவேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. எழுந்து நின்று அமைதியாக இருந்தால் போதும். ஒழுங்காக நடக்கும் முகாமில் அதற்காக யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள்.

வட சென்னையில் இதோடு ஒட்டிவருகிற கேள்வி சாதிச் சான்றிதழ் பற்றியது. முகாமுக்குப் போவது மதமாற்றம் ஆகாது. வருகைப் பதிவேட்டில் பெயர் எழுதுவதாலோ ஐந்து சீலங்களான பஞ்சசீலத்தைச் சொல்வதாலோ உங்கள் சான்றிதழில் ஓர் எழுத்தும் மாறாது. முறையாகப் பௌத்தம் தழுவிய பட்டியல் சாதியினரும் பட்டியல் சாதிக்குரிய உரிமையை இழப்பதில்லை. 1950ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணை, சில சீக்கியப் பிரிவுகள் தவிர, இந்துக்களை மட்டுமே பட்டியல் சாதியினராகக் கொண்டது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். அந்தத் திருத்தத்துக்கு முந்தைய நிலைமையை நினைவில் வைத்துக்கொண்டு இன்றும் பயமுறுத்துகிற பெரியவர்கள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள்.

3. வீட்டில் சொல்லிவிட்டுப் போகவேண்டும்

"டியூஷன் போகிறேன்" என்று பொய் சொல்லிவிட்டு முகாமுக்கு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். நான்காவது சீலமே பொய் சொல்லாமை என்பதால், அது வாசலிலேயே முறிந்துவிடுகிறது. வேடிக்கையை விட்டுவிட்டாலும், பெற்றோர் அனுமதி என்பது பௌத்தத்தில் புத்தர் காலத்திலேயே பேசித் தீர்த்த விஷயம். தம் மகன் ராகுலனைச் சிறுவயதிலேயே துறவியர் சங்கத்தில் சேர்த்துக்கொண்டார் புத்தர். பேரனையும் இழந்த புத்தரின் தந்தை சுத்தோதனர் நொந்துபோய், இனிமேல் பெற்றோர் சம்மதமின்றி எந்தப் பிள்ளைக்கும் துறவு கொடுக்கவேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். புத்தர் அதை ஏற்று விதியாக்கினார். வீட்டில் தயக்கம் காட்டினால் இந்தக் கதையைச் சொல்லுங்கள். தாத்தா பாட்டிகள் இதற்கு இளகிவிடுவார்கள்.

4. கொஞ்சம் படித்துவிட்டு வாருங்கள்

வடநாட்டுச் சமாச்சாரத்தை இங்கே கொண்டுவந்து விற்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. மணிமேகலையைப் பாடத்தில் படித்த பிறகும் இப்படி நினைப்பது வியப்புதான். அவ்வளவு தூரம்கூடப் போகவேண்டாம். தமிழ்ச் சிந்தனையாளர் அயோத்திதாசர் (1845–1914) 1898இல் இலங்கை சென்று பௌத்தம் தழுவித் திரும்பி, சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கினார். 1907இல் ஒரு பைசா விலையில் அவர் தொடங்கிய வார இதழ்தான் பின்னாளில் 'தமிழன்' ஆனது. அந்த இயக்கத்தின் முக்கியமான கிளைகள் கோலார் தங்கவயலிலும் இதோ இந்தப் பெரம்பூரிலும் இருந்தன. அறிவியல் பேராசிரியராக இருந்த பொ. லட்சுமி நரசு 1907இல் ஆங்கிலத்தில் எழுதிய பௌத்த நூலுக்கு 1948இல் மறுபதிப்பு வந்தபோது முன்னுரை எழுதியவர் அம்பேத்கர். ராஜாஜி சாலையிலுள்ள மாவட்ட ஆட்சியர் அலுவலகக் கட்டடத்துக்குப் பெயராக இருக்கும் சிங்காரவேலரும் தொழிற்சங்கத்துக்கு வருவதற்கு முன்பே மகாபோதி சங்கம் என்ற பௌத்த அமைப்போடு சேர்ந்து பணியாற்றியவர்.

இத்தனையும் தெரிந்துகொண்டுதான் வரவேண்டும் என்பதில்லை. அயோத்திதாசரைப் பற்றி இரண்டு பக்கம் படித்துவிட்டு வந்தால்கூட வகுப்பில் தூக்கம் வராது.

5. பையில் என்ன இருக்கவேண்டும்

வெளிர் நிறப் பருத்தி உடை, முடிந்தால் வெள்ளை. சப்பணமிட்டு உட்காரும்போது தொடையைப் பிடிக்காத தளர்ந்த கால்சட்டை அல்லது சுடிதார். ஜீன்ஸ் போட்டுவந்தவர் அரைமணி நேரத்தில் தாமே வருத்தப்படுவார். பெயர் பொறித்த எவர்சில்வர் தட்டும் டம்ளரும், தண்ணீர் பாட்டில், இரண்டு போர்வை. ஒன்று போர்த்திக்கொள்ள, மற்றொன்று மடித்து உட்கார. கோடு போட்ட நோட்டு, பேனா. வழக்கமாகச் சாப்பிடும் மருந்து இருந்தால் அதையும் கொண்டுவந்து, பொறுப்பாளரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். ஆஸ்துமா, வலிப்பு இருப்பவர்கள் இதை மறைக்கவே கூடாது. மனநலச் சிகிச்சையில் இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்ட பிறகே நீண்ட தியான முகாம்களில் சேரவேண்டும்.

மாணவிகள் நாப்கின் எடுத்துவாருங்கள். மாதவிடாய் நாள்களில் வந்தனைக் கூடத்துக்குள் வரலாமா என்று காதோடு காதாகக் கேட்கிறார்கள். தாராளமாக வரலாம். புத்தர் சிலைக்கு முன்னும் உட்காரலாம்.

கைப்பேசியை வாங்கி வைத்துக்கொள்வார்கள். அதனால் வீட்டு எண்ணை மனப்பாடம் செய்துகொண்டு வாருங்கள். அம்மாவின் எண் தெரியாத கல்லூரி மாணவர்கள் எத்தனை பேர் என்று முகாமில்தான் தெரியவருகிறது.

6. வந்தனையும் முறைகளும்

காலணியை வெளியே விட்டுவிட்டு, பிக்குவைக் கண்டால் கைகூப்பி 'பந்தே' என்று அழையுங்கள். சிலையை நோக்கியோ அவரை நோக்கியோ காலை நீட்டாதீர்கள். பெண்கள் பிக்குவின் கையில் நேராக எதையும் கொடுப்பதில்லை. மேசைமீதோ விரித்த துணிமீதோ வைத்தால் எடுத்துக்கொள்வார். இது தீட்டு அல்ல, அவர் ஏற்றிருக்கும் துறவு மரபின் வழக்கம். இந்த ஒன்றை யாராவது முதலிலேயே விளக்கிவிட்டால் பல மாணவிகளின் மனக்கசப்பு மிச்சமாகும்.

'நமோ தஸ்ஸ பகவதோ அரஹதோ சம்மா சம்புத்தஸ்ஸ' என்று மூன்று முறை, பிறகு புத்தர், தம்மம், சங்கம் என்ற மும்மணிகளைச் சரணடைதல், பிறகு பஞ்சசீலம். எல்லாம் பாலியில் இருக்கும். அச்சடித்த தாள் தருவார்கள். பந்தே ஒரு வரி சொல்ல, நீங்கள் திருப்பிச் சொல்லவேண்டும். முடிவில் 'சாது, சாது, சாது'. முதல் நாள் நாக்கு புரளாது, பரவாயில்லை. தமிழில் பொருள் என்ன என்பதை மட்டும் கேட்டு அந்தத் தாளிலேயே எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்து சீலங்கள்: உயிர்க்கொலை, களவு, தகாத காமம், பொய், மயக்கம் தரும் மது ஆகியவற்றிலிருந்து விலகுவதாக நீங்களே உங்களுக்குச் சொல்லிக்கொள்வது. மீறினால் தண்டிக்க மேலே யாரும் உட்கார்ந்திருக்கவில்லை.

உடனே எழும் கேள்வி, "அண்ணா, கொசுவை அடிக்கலாமா?" பக்கிங்காம் கால்வாய் ஓரத்தில் வளர்ந்த பிள்ளைகள் வேறு என்ன கேட்பார்கள்? செயலுக்குப் பின்னால் இருக்கும் எண்ணத்தைத்தான் பௌத்தம் எடைபோடுகிறது என்று பந்தே விளக்குவார். அது உயர்ந்த பதில். என்னுடையது, மாலை ஐந்து மணிக்கே சன்னலைச் சாத்திவிட்டுக் கொசுவிரட்டிக் களிம்பைத் தடவிக்கொள்ளுங்கள் என்பது.

7. உட்காரும் வித்தை

இதற்குத்தான் அதிக இடம் ஒதுக்கவேண்டும், ஏனென்றால் இதில்தான் அதிகம் பேர் தோற்றுப்போனதாக நினைத்துக்கொள்கிறார்கள்.

போர்வையை நான்காக மடித்து, அதன் முன்விளிம்பில் உட்காருங்கள். பின்பக்கம் சற்று உயர்ந்து, முழங்கால்கள் தரையைத் தொடவேண்டும். தொடாவிட்டால் இன்னும் ஒரு மடிப்பு. பத்மாசனம் போடவேண்டாம், சாதாரணச் சப்பணம் போதும். அதுவும் முடியாதவர் நாற்காலி கேட்கலாம், வெட்கமில்லை. கைகள் மடியில். முதுகு நிமிர்ந்திருக்கட்டும், விறைக்க வேண்டாம்.

மூக்கின் நுனியில் மூச்சு வந்துபோவதைக் கவனிப்பதுதான் ஆனாபானம். இதைப் பள்ளியில் சொல்லிக்கொடுத்த பிராணாயாமத்தோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். இங்கே மூச்சை இழுக்கவும் அடக்கவும் எண்ணிக்கை வைக்கவும் வேண்டாம். அது தானாக வருகிறது, தானாகப் போகிறது, நீங்கள் தெரிந்துகொண்டிருந்தால் போதும். மூன்றாவது மூச்சிலேயே மனம் நேற்றைய கிரிக்கெட் மேட்சுக்குப் போய்விடும். போய்விட்டது என்று எப்போது தெரிகிறதோ அப்போது திரும்பவும் மூச்சுக்கு வாருங்கள். அப்படித் திரும்பிவருவதுதான் பயிற்சி. நூறு முறை போனால் நூறு முறை திரும்பிவந்தவர் நன்றாகப் பயின்றிருக்கிறார் என்று பொருள்.

கால் மரத்துப்போகும். ஊசி குத்துவது போல் வரும்போது உடனே மாற்றாமல் சில மூச்சு பொறுத்துப் பாருங்கள். வலி ஒரே அளவில் நிற்பதில்லை, ஏறி இறங்குகிறது என்று தெரியவரும். அநித்தியம், அதாவது எதுவும் நிலையில்லை, என்று வகுப்பில் சொன்னதன் பொருள் முதன்முதலாக முழங்காலில் விளங்கும். தாங்கமுடியாவிட்டால் மெதுவாகக் காலை மாற்றிக்கொள்ளுங்கள்.

சத்தம் இருக்கும். பெரம்பூர், வியாசர்பாடிப் பக்கத்தில் ரயில் ஊதும், தண்ணீர் லாரி ஹாரன் அடிக்கும், பக்கத்துத் தெருவில் சாவு மேளம் வரும். மலைமேல் குகையில்தான் தியானம் கைகூடும் என்று நினைக்கிறவர்களுக்கு எங்கள் ஊர் ஒத்துவராது. ரயில் சத்தத்தை ரயில் சத்தமாகக் கேட்டுவிட்டு மூச்சுக்குத் திரும்பத் தெரிந்தவருக்குத் தேர்வுக்கூடத்தில் மின்விசிறி கிறீச்சிடுவது பொருட்டே இல்லை. ஆனால் மதிப்பெண் கூடும் என்ற ஒரே நோக்கத்தோடு வராதீர்கள். அப்படி வருகிறவர் மூச்சைவிட்டுவிட்டு மதிப்பெண்ணையே கவனித்துக்கொண்டிருப்பார்.

8. சாப்பாடு

சைவம்தான், பெரும்பாலும் யாரேனும் ஒரு குடும்பம் தானமாகக் கொடுப்பது. சாதம், சாம்பார், ஒரு பொரியல், மோர். சிலநாள் தக்காளி சாதம். வரிசையில் நின்று வாங்கி, முடித்ததும் உங்கள் தட்டை நீங்களே கழுவவேண்டும். எட்டுச் சீலம் ஏற்கும் நாளில் நண்பகலுக்குப் பிறகு உணவு இல்லை. மாணவர்களுக்குப் பெரும்பாலும் மாலையில் பாலோ பழமோ உண்டு. வெறும் வயிற்றில் தலைசுற்றுகிறவர்கள் தொண்டர் அக்காவிடம் சொன்னால் பிஸ்கட் கிடைக்கும். வீரம் காட்டி மயங்கி விழுந்தால் யாருக்கும் புண்ணியமில்லை.

புளியந்தோப்புப் பிள்ளைகள் விடாமல் கேட்கும் கேள்வி பிரியாணி பற்றியது. மாட்டிறைச்சி சாப்பிடுகிறவர் பௌத்தராக இருக்கலாமா? பழைய பௌத்த மரபான தேரவாதத்தின் விநயத்தில் (துறவியர் விதிகளில்) பிக்குகளுக்கே இறைச்சி முழுத்தடை இல்லை. தமக்காகக் கொல்லப்பட்டது என்று கண்டிருந்தாலோ, கேட்டிருந்தாலோ, ஐயமிருந்தாலோ ஏற்கக்கூடாது, அவ்வளவுதான். எல்லாப் பிக்குகளும் மரக்கறி மட்டுமே உண்ணவேண்டும் என்று சங்கத்தைச் சேர்ந்த தேவதத்தன் வற்புறுத்தியபோது புத்தர் மறுத்துவிட்டார். மகாயான மரபுகளில் புலால் மறுப்பு வலுவாக இருக்கிறது. ஆகவே யாராவது உங்கள் வீட்டுச் சமையலை வைத்து உங்களைத் தாழ்த்திப் பேசினால், அது புத்தரின் குரல் இல்லை என்று தெரிந்துகொள்ளுங்கள்.

9. பிற்பகல்: கேள்வி கேட்கும் நேரம்

கத்திரி வெயிலில் இரண்டு மணிக்கு மேல் எந்த உபதேசமும் ஏறாது. கெட்டிக்கார அமைப்பாளர்கள் அந்த நேரத்தைக் கலந்துரையாடலுக்கு ஒதுக்குவார்கள். என்னைப் பொறுத்தவரை முகாமின் சிறந்த பகுதி இதுதான்.

கேசபுத்த நகரத்துக் காலாமர்கள் புத்தரிடம் ஒரு குறையைச் சொன்னார்கள். வருகிற ஒவ்வொரு துறவியும் தம் கொள்கையே சரி, மற்றவர் கொள்கை தவறு என்கிறார், யாரை நம்புவது? வழிவழியாக வந்தது என்பதற்காகவோ, நூலில் இருக்கிறது என்பதற்காகவோ, சொல்பவர் நம் குரு என்பதற்காகவோ ஏற்கவேண்டாம், நன்மை தருவது எது, தீமை தருவது எது என்று நீங்களே அறிந்து ஏற்கவும் விடவும் செய்யுங்கள் என்றார் அவர். இதைப் பாடமாகச் சொல்லிக்கொடுத்துவிட்டு, கேள்வி கேட்கும் பையனை "உட்கார்" என்று அதட்டுகிற முகாமும் உண்டு. கேள்வி மரியாதையாக இருக்கட்டும், ஆனால் கேட்காமல் வராதீர்கள்.

ஆன்மா இல்லை என்றால் மறுபிறவி எடுப்பது யார்? இதை ஒருவர் கேட்டாலே போதும், மாலை வரை போகும். மற்றொன்று, சித்தார்த்தர் ஏன் வீட்டைவிட்டுப் போனார்? கிழவர், நோயாளி, பிணம், துறவி ஆகிய நால்வரைக் கண்டதால் என்று பாடப்புத்தகம் சொல்லும். இருபத்தொன்பது வயது வரை ஒருவர் கிழவரையே பார்க்காமல் இருந்திருப்பாரா என்று அம்பேத்கர் கேட்டார். சித்தார்த்தரின் குலமான சாக்கியருக்கும் அண்டைக் குலமான கோலியருக்கும் இடையே ரோகிணி ஆற்று நீரைப் பங்கிடுவதில் எழுந்த மோதலை அவர் முன்வைக்கிறார். போரைச் சித்தார்த்தர் எதிர்த்தார், சாக்கியர் சபை பெரும்பான்மையால் போருக்கு முடிவெடுத்தது, அதனால் வெளியேறினார் என்பது அவர் சொல்லும் வரலாறு. மரபுவழிப் பௌத்தர்கள் பலர் இதை ஏற்பதில்லை. இரண்டையும் எதிரெதிரே வைத்து விவாதியுங்கள். லாரித் தண்ணீருக்குக் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு, அது நகர்த்தப்பட்டதால் மூண்ட சண்டையைப் பார்த்திருக்கிற பிள்ளைகளுக்கு ரோகிணிக் கதையை யாரும் விளக்கவேண்டியதில்லை. ஆற்றங்கரையில் நின்று யார் என்ன பேசியிருப்பார்கள் என்று அவர்களே சொல்லிவிடுகிறார்கள்.

10. எழும்பூருக்கு ஒரு நடை

முகாமில் வெளியே கூட்டிப்போகும் நாள் இருந்தால் அரசு அருங்காட்சியகத்தைக் கேளுங்கள். இல்லாவிட்டால் நீங்களே நான்கு பேர் சேர்ந்து போங்கள். பெரம்பூரிலிருந்து மின்சார ரயிலில் சென்ட்ரல், அங்கிருந்து மெட்ரோவில் அடுத்த நிறுத்தமே எழும்பூர். திருவொற்றியூர், தண்டையார்பேட்டைக்காரர்கள் மெட்ரோவில் ஏறி சென்ட்ரலில் மாறிக்கொள்ளலாம். வெள்ளிக்கிழமை விடுமுறை.

அமராவதிச் சுண்ணாம்புக்கல் சிற்பங்களின் முன் நின்று நிதானமாகப் பாருங்கள். பழைய பலகைகளில் புத்தரின் உருவமே இருக்காது. ஒரு வெற்று இருக்கை, அதன்மேல் மரம், கீழே இரண்டு பாதச் சுவடுகள், சுற்றிலும் கைகூப்பியவர்கள். எல்லோரும் பார்க்கும் இடத்தில் ஆள் இல்லை. எந்தப் பலகையில் பாதம், எந்தப் பலகையில் சக்கரம் என்று தேடித் தேடி நோட்டில் வரைந்துகொள்ளுங்கள். பிறகு நாகப்பட்டினத்துச் செப்புப் புத்தர்களைப் பாருங்கள். சோழர் காலத்தில் கடல்கடந்து வந்த வணிகர்களும் வணங்கிய ஊர் அது. அந்தப் புத்தர்களின் உச்சியில் தீச்சுடர் போல ஒன்று எழுந்து நிற்கும். அது எதற்காக என்று பந்தேயிடம் கேட்டுவையுங்கள்.

11. திரும்பி வந்த பிறகு

முதல் வாரம் எல்லோரும் தியானம் செய்வார்கள். இரண்டாம் வாரம் தொலைக்காட்சி ஜெயித்துவிடும். ஓர் அறையில் ஐந்து பேர் படுக்கிற வீட்டில் தனியிடம் கேட்டுச் சண்டை போடாதீர்கள். வெயில் ஏறும் முன் மொட்டை மாடியில் பத்து நிமிடம் உட்கார்ந்தால் போதும். தம்பி தங்கைக்குச் சீலம் போதிக்க ஆரம்பித்தால் வீட்டில் அடுத்த முகாமுக்கு அனுமதி கிடைக்காது.

முகாம் நண்பர்களுடன் தொடர்பில் இருங்கள். பௌர்ணமி நாள்களில் விகாரைகளில் வந்தனை நடக்கும். வைகாசிப் பௌர்ணமி அன்று எழும்பூர் கென்னட் சந்திலுள்ள மகாபோதி சங்கத்துக்குப் போனால் இலங்கை, பர்மா, மராட்டியம் என்று பல ஊர்க்காரர்களைப் பார்க்கலாம். முகாமில் பதில் கிடைக்காத கேள்விகளை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிவைத்து அங்கே கொண்டுபோங்கள்.

அடுத்த ஆண்டு தொண்டராக வர விரும்பினால் பொறுப்பாளரிடம் இப்போதே பெயர் கொடுத்துவிடுங்கள். மேடையில் பேசுகிற வேலை உடனே கிடைக்காது. வெங்காயம் உரிக்கத்தான் முதலில் ஆள் தேவைப்படும்.